கூனி, குறளன், சிரிப்பு

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டதை நாம் பழமொழியாக வைத்திருக்கிறோம். தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவனைக் கிண்டல் செய்ய அது பயன்படுகிறது. அதைச் சொல்கிறவர் யாரும் முடவனைப் பற்றிப் பேசுவதில்லை; கடன் வாங்கி மாடி கட்டும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுகிறார். இதே முடவன் குறுந்தொகையின் 60ஆம் பாட்டில் பரணரிடமும் இருக்கிறான். உயரத்தில் பெரிய தேனடை. கீழே உட்கார்ந்தபடி அவன் உள்ளங்கையைக் குழித்து, தேனடையைச் சுட்டிச் சுட்டி, வெறுங்கையை நக்கிக்கொள்கிறான். காதலன் நல்காவிட்டாலும் அவனைப் பலமுறை பார்த்துக்கொண்டிருப்பதே இனிது என்கிற பெண்ணுக்கு இவன் உவமை. பழமொழியைவிடப் பரணர் எவ்வளவோ மேல். அவர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். ஆனால் அங்கும் முடவனின் ஆசை இன்னொருத்தியின் ஆசைக்கு இரவலாகப் போய்விடுகிறது. அவன் தேனைத் தவிர வேறு யாரையாவது விரும்பியிருப்பானா என்ற கேள்விக்கு அந்தப் பாட்டில் இடமில்லை.

அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த ஒரே பழம்பாட்டாக எனக்குத் தெரிந்தது மருதக்கலியில் இருக்கிறது, கலித்தொகையின் 94ஆம் பாட்டு. அரண்மனையில் ஊழியம் செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் பேசிக்கொள்கிறார்கள். நம் தமிழாசிரியர்கள் இதை நகைச்சுவைப் பாட்டு என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விடுவார்கள். முழுக்கப் படித்தவர்களும் ஏதோ சங்ககாலத்துக் கோமாளிக் காட்சி என்ற அளவில் புன்னகைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். பாட்டில் நடப்பது என்ன என்று பார்க்கலாம்.

அவன்தான் வழிமறிக்கிறான். தண்ணீருக்குள் தெரியும் நிழல்போல வளைந்து நெளிகிறாயே, என்ன தவம் செய்தாய், நில், உன்னோடு பேசவேண்டும் என்கிறான். புகழ்ச்சியா கேலியா என்று பிரிக்கமுடியாதபடி இருக்கிறது இது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் ஆண்டலைப் பறவை ஈன்ற குஞ்சே, உன் போன்றவன் எங்களைத் தொடுவதா என்கிறாள். சூதாட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தியது போன்ற குறளா என்கிறாள். அவன் தளராமல் ஒரு நடைமுறைப் பிரச்னைக்கு வருகிறான். முன்பக்கமாகத் தழுவினால் உன் கூன் என் நெஞ்சில் குத்தும், பின்பக்கமாகத் தழுவினால் எனக்குக் கூச்சமெடுக்கும், ஆகவே பக்கவாட்டில் கொஞ்சம் தழுவிக்கொள்ள அனுமதி கொடு. அவளுக்குக் கோபம் வருகிறது. கோணல் மரத்தில் படர்ந்த கொடிபோல எங்களைத் தழுவிக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்க, உளுந்தைவிடச் சிறியவனே, உன்னைவிடக் கூனியின் பிறப்பு தாழ்ந்ததோ என்று கேட்கிறாள். பிறகு அவன் நடையை ஆமையைத் தூக்கி நிறுத்திய நடை என்கிறாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு மன்மதனாக நடக்கிறானாம்.

இதற்குப்பின்தான் பாட்டு திரும்புகிறது. நமக்குள் இந்த நகைப்பு போதும், அரசன் கால் மேல் ஆணை என்கிறான் அவன். அவள் சம்மதிக்கிறாள். சற்றுமுன் ஆண்டலைக் குஞ்சாக இருந்தவன் இனிய மார்பை உடையவனாக ஆகிவிடுகிறான். ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு பேய்கள் சேர்ந்து கூத்தாடுகின்றன என்று அரண்மனையில் இருப்பவர்கள் பார்த்துச் சிரிக்கக்கூடாது. தனித்தனியாக வெளியே போய் சோலைக்குள் சந்திப்போம், வயிறு ஒட்டத் தழுவிக்கொள்வோம். எப்படி? குற்றமற்ற அவையத்தாரின் ஓலையை மேலே கட்டி முத்திரையிடுவார்களே, அப்படி. (டூப்ளிகேட் சாவிகளை அரக்கு முத்திரை வைத்து வேறு கிளைக்கு அனுப்புவதை வருஷக்கணக்கில் பார்த்துவரும் எனக்கு இந்த உவமையில் விசேஷ ருசி உண்டு. முத்திரை உடைபடாமல் இருப்பது எங்கள் தொழிலில் ஒருவகைக் கற்பு.)

இந்தப் பாட்டில் மூன்று வேறு சிரிப்புகள் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்று, இருவரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ளும் சிரிப்பு. இரண்டு, அரண்மனையில் நின்று பார்ப்பவர்களின் சிரிப்பு. அது பாட்டில் கேட்பதில்லை, அதைப் பற்றிய பயம் மட்டும் இருக்கிறது. மூன்று, கவிஞரும் கேட்பவர்களும் சிரித்த சிரிப்பு, அதாவது நம்முடையது. மூன்றாவது பெரும்பாலும் இரண்டாவதோடு சேர்ந்ததுதான் என்பதை மறைத்துப் பயனில்லை. அடியோரின் காதல் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பானது என்று வகுத்த மரபு இது. கேட்டுச் சிரித்த சபையும் அந்த மரபுக்குள் உட்கார்ந்திருந்த சபைதான். இருந்தும் பாட்டின் முடிவில் அந்த இருவர் சபையைவிட்டு வெளியேறிச் சோலைக்குள் போய்விடுகிறார்கள். சபைக்கு அங்கே இடமில்லை. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, கவிஞர் தன் கேட்பவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்.

பெர்க்ஸன் 1900இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்ற நூலில் கூனனைப் பற்றி ஒரு யோசனை இருக்கிறது. உடம்பு சரியாக உள்ள ஒருவன் நடித்துக் காட்டக்கூடிய குறைதான் சிரிப்பூட்டும் என்கிறார். தமிழ்ப் படங்களில் திக்குவாயும் செவிடும் மாறுகண்ணும் படும் பாட்டை நினைத்தால் அவர் சொன்னது சரியென்றே படும். நடிகன் நடித்துக் காட்ட முடிகிற குறைகள்தான் அங்கே மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் பெர்க்ஸனின் சிரிப்பில் சிரிக்கிறவன் எப்போதும் வெளியே நிற்கிறான். சிரிக்கப்படுகிறவன் சிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. உயிருள்ளதன்மேல் யந்திரம் ஒட்டிக்கொள்வதுதான் ஹாஸ்யத்தின் ஊற்று என்பது அவருடைய மையக் கருத்து. மூச்சையே யந்திரம் விட்டுத்தரும் ஒரு மனிதனிடம் அந்தக் கருத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கவேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார். மார்க் ஓப்ரையன், 1949இல் பிறந்தவர். 1955இல், ஆறு வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே அசைவு ஏறக்குறைய இல்லை. உணர்ச்சி மட்டும் முழுசாக இருந்தது. போலியோ அசைவை எடுத்துக்கொள்ளும், தொடு உணர்ச்சியை எடுத்துக்கொள்வதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இந்த ஒரு தகவல் இல்லாமல் அவர் எழுதியது எதுவும் புரியாது. இரும்பு நுரையீரல் என்ற உருளைக்குள் தலைமட்டும் வெளியே இருக்க வாழ்ந்தார். ஒருநாளில் சில மணி நேரம் வெளியே இருக்கமுடியும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1982இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கினார். நானும் அதே பட்டம் வாங்கி, லெட்ஜரில் பதிவு போடப் போனவன். அவர் வாயில் குச்சியைக் கவ்வித் தட்டச்சு செய்து கவிதையும் பத்திரிகைக் கட்டுரைகளும் எழுதினார்.

1983இல் ஊனமுற்றவர்களின் பாலுறவைப் பற்றி ஒரு கட்டுரைக்காக அவர் பலரைப் பேட்டி கண்டார். அப்போது தன் நிலை தலைவேட்டையாடும் இனத்தவரைப் பேட்டி காணும் மானிடவியலாளனுடையதாக இருந்தது என்று பின்னர் எழுதினார். இந்த ஹாஸ்யத்தைக் கவனிக்கவேண்டும். கேலிப்பொருள் அவருடைய உடம்பு இல்லை. தன்னைப் பாதிக்காதது போல நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த நிதானம்தான்.

1986இல், பாலியல் சிகிச்சையில் பதிலியாகப் பணியாற்றும் ஷெரில் என்ற பெண்ணிடம் அவர் போனார். அதைப் பற்றி 1990இல் 'தி ஸன்' என்ற பத்திரிகையில் எழுதினார். கத்தோலிக்கராக வளர்ந்தவர், குற்றவுணர்வு சாதாரணமானதில்லை. கட்டுரையில் பெரும்பகுதி ஸ்தூலமான விஷயங்கள்: யார் கூட்டிப்போவது, யார் சட்டையைக் கழற்றுவது, எப்படிப் படுக்கவைப்பது. ஒரு சந்திப்பில் ஷெரில் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஆறு வயதுக்குப்பின் அவர் தன் ஆண்குறியை முதல்தடவையாகப் பார்க்கிறார். முறுக்கிப்போன பிணம்போல இருப்போம் என்று முப்பது வருஷமாக நம்பியிருந்த உடம்பு அப்படி இல்லை. இந்த இடத்தில் அவர் அதிகம் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

குறளனின் விண்ணப்பத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் குத்தும், பின்னால் கூசும், ஆகவே பக்கவாட்டில். நம் காதல் கவிதைகளில், நான் புதுக்கவிதையையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டு உடல்கள் எப்படியோ சேர்ந்துவிடுகின்றன. கை எங்கே போயிற்று, யார் முழங்கால் யார்மேல் இடித்தது என்ற விவரம் கிடையாது. சேர்க்கை இயல்பாக, சொல்லாமல் நிகழ்ந்தால்தான் அது உன்னதம் என்று ஒரு நம்பிக்கை நமக்கு. கையைத் தானாக நகர்த்த முடியாத ஒருவனுக்கு இந்த நம்பிக்கையால் பிரயோசனம் இல்லை. அவன் என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்று சொல்லவேண்டும். பல நேரம் மூன்றாவது மனிதர் ஒருவர் வந்து படுக்கவைத்துவிட்டுப் போகவேண்டும், குறித்த நேரத்தில் திரும்பி வரவேண்டும். சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற இந்த நிலையில்தான் சிரிப்புக்கு இடம் பிறக்கிறது. தயக்கமும் ஆசையும் தசை வலியும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ஒன்று அழவேண்டும், இல்லை சிரிக்கவேண்டும். தோழி இல்லாமல் அகப்பாட்டே நகராத ஒரு மரபில் வந்தவர்களுக்கு மூன்றாம் ஆள் விகாரமாகப் படவேண்டியதில்லை.

அனுதாபத்தால் இப்படிச் சிரிக்க முடியாது. அனுதாபம் குனிந்து பார்க்கும். குனிந்தவர் முகத்தில் சிரிப்பு வந்தால் அது அவமதிப்பாகிவிடும் என்று அதற்குத் தெரியும். அதனால் எப்போதும் கவலையாகவே இருக்கிறது. ஆசையோ எதிராளியைத் தன் உயரத்தில் வைத்துக்கொண்டாக வேண்டியது, ஏனென்றால் மறுக்கப்படும் சாத்தியம் அதற்குள்ளேயே இருக்கிறது. கூனி குறளனை மறுக்கிறாள், வைகிறாள், பிறகு சம்மதிக்கிறாள். யாருடைய அனுதாபத்தாலும் கிடைக்காத மரியாதை அந்த வசவுகளில் இருக்கிறது.

கூனி 'உன்னைவிட நான் தாழ்வா' என்று கேட்ட கேள்விக்கு ஒரு நவீன வடிவம் உண்டு. 'க்ரிப் கேம்ப்' என்ற ஆவணப்படம் 2020இல் வந்தது. தலைப்பைப் பச்சையாகத் தமிழாக்கினால் 'நொண்டி முகாம்'. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஜெனெட் என்று ஊனமுற்ற இளைஞர்களுக்கான கோடைமுகாம் 1977வரை நடந்தது. 1971இல் அங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் இதில் வருகின்றன. வீட்டில் போர்த்தி வைக்கப்பட்டிருந்த பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே முத்தமிடுகிறார்கள், பிரிகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். அந்தரங்கப் பேன் பரவி முகாமே தனிமைப்படுத்தப்படுகிறது. இதை அவர்கள் ஏதோ பதக்கம் வாங்கியது போலச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேன் வரவேண்டுமானால் யாராவது நெருங்கியிருக்க வேண்டுமே. இவர்களில் சிலரும் முகாமில் பணியாற்றிய ஜூடி ஹ்யூமனும் 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கட்டடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கான விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். நம்முடைய முற்போக்கு நண்பர்கள் இரண்டாவதை மட்டும் சரித்திரம் என்பார்கள். பேனும் அந்தச் சரித்திரத்தில் சேர்ந்ததுதான்.

படத்தில் நீல் ஜேகப்ஸன், டெனிஸ் ஷெரர் ஜேகப்ஸன் என்று ஒரு தம்பதி. இருவருக்கும் மூளைவாதம், பேச்சும் அசைவும் அதனால் பாதிக்கப்பட்டவை. நீல் தன் திருமண முடிவைச் சொன்னபோது அம்மா கேட்டாளாம்: ஊனமுள்ள பெண்ணைக் கட்டிக்கொள்வது புரிகிறது, ஆனால் ஒரு போலியோப் பெண் கிடைக்கவில்லையா? அவர்கள் உலகத்தில் போலியோ மேல்தட்டு, மூளைவாதம் கீழ்த்தட்டு. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஹாஸ்யத்துக்கு உரை வேண்டாம். நம்மிடம் எந்தக் கீழ்ப்படிக்கும் கீழே இன்னொரு படி இருக்கும். (நீல் பிற்பாடு வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் பெரிய பதவிக்கு வந்தவர். குமாஸ்தாவான நான் இதைச் சற்றுப் பொறாமையோடு பதிவு செய்கிறேன்.)

டெனிஸ் சொல்வது வேறு தளத்தில் இருக்கிறது. கடும் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். குடல்வால் என்று அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அது ஆரோக்கியமாக இருந்தது. அவருக்கு இருந்தது மேகவெட்டை. இவளோடு ஒருவன் படுத்திருப்பான் என்ற எண்ணமே அந்த டாக்டருக்கு வரவில்லை. டெனிஸ் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அதன்பின் பாலியல் படிப்பில் முதுகலைப் பட்டம் வாங்கினார். கண்முன் இருந்த உடம்பில் ஆசை இருக்கமுடியாது என்ற அனுமானம் கத்தியாக வந்து ஒரு நல்ல உறுப்பை எடுத்துக்கொண்டு போயிற்று. இதற்குமேல் தத்துவ உதாரணம் தேடுவது எனக்குச் சாத்தியமில்லை. அந்தச் சிரிப்பில் டாக்டருக்குப் பங்கில்லை. சொல்கிறவர் அவர், அறுபட்டவரும் அவர்.

சிரிக்கும் உரிமையைப் பற்றிக் கேட்டால் பலர் ஜான் கேலஹனைச் சொல்வார்கள். அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த கார்ட்டூனிஸ்ட். 1972இல், 21 வயதில் கார் விபத்தில் கை கால்கள் போயின. இரண்டு கையையும் சேர்த்துப் பேனாவை நகர்த்தி வரைந்தார். 2010இல் இறந்தார். பாலைவனத்தில் ஒரு சக்கர நாற்காலி காலியாகக் கிடக்கிறது, சுற்றிலும் குதிரைமேல் போலீஸ் கூட்டம், கால்நடையாக ரொம்ப தூரம் போயிருக்கமாட்டான், கவலை வேண்டாம் என்று தலைவன் சொல்கிறான். அந்த வாசகம் 1989இல் அவர் சுயசரிதைக்கே தலைப்பாயிற்று. அவருடைய கார்ட்டூன்களைக் கண்டித்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் உடம்பு சரியாக உள்ளவர்களிடமிருந்து, மற்றவர்கள் சார்பாக. அவரோ சக்கர நாற்காலிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையே அளவுகோலாக வைத்திருந்தார். என்றாலும் 'அவர்கள் சொன்னால் ஹாஸ்யம், நாம் சொன்னால் அவமதிப்பு' என்ற சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். யார் சொன்னார் என்பதைவிட, சொன்னதற்குப்பின் இருவரும் எங்கே போனார்கள் என்பது முக்கியம். கூனியும் குறளனும் வைதுகொண்டபின் சோலைக்குப் போனார்கள்.

எல்லாச் சிரிப்பும் அப்படிப் போவதில்லை. எங்கள் ஆபீஸில், என் கவுண்டருக்கு இரண்டு கவுண்டர் தள்ளி, காலில் காலிப்பர் போட்ட நண்பர் ஒருவர் இருந்தார். ஒருநாள் டீ நேரத்தில், தரகர் வந்துபோனதைச் சொன்னார். "பொண்ணுக்கு ஒரு கண்ணு மட்டும் லேசா... மத்தபடி குறையில்லைன்னார் சார். எனக்கும் ஒரு காலு மட்டும் லேசா, மத்தபடி குறையில்லைன்னேன். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு முழு ஆளு டேலி பண்ணிட்டு, மிச்சத்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுடலாமான்னு கேட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். வங்கிக்காரன் மட்டுமே சொல்லக்கூடிய, சுத்தமான ஜோக். ஆனால் அது எங்களுக்காகச் செலுத்தப்பட்ட ஒரு வரி. அவர் கல்யாணப் பேச்சு வந்தாலே மற்றவர்கள் முகம் மாறுவதை அவர் அறிவார். அந்தச் சங்கடத்திலிருந்து எங்களை விடுவிக்க முந்திக்கொண்டார். இந்த வரியை ஊனமுற்றவர்கள் தினமும் கட்டுகிறார்கள், ரசீது கிடையாது. ஜோக்கைச் சொல்லிவிட்டு அவர் தனியாகத்தான் தன் கவுண்டருக்குத் திரும்பிப் போனார்.

அந்தத் தரகருக்குப் பின்னால் அரசாங்கமும் நிற்கிறது. ஊனமுற்றவரைத் திருமணம் செய்துகொள்கிறவருக்குத் தமிழக அரசின் உதவித்திட்டம் உண்டு: 25,000 ரூபாய், பட்டம் பெற்றவரென்றால் 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம். ஏழை வீட்டில் இந்தப் பணத்தின் மதிப்பை நான் அறிவேன், குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மனுஷியை விரும்பியதற்கு நஷ்டஈடு போல ஒரு தொகை இருப்பதில் ஏதோ இடிக்கிறது. 2010வாக்கில் அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. மரியாதையான சொல். விண்ணப்பப் படிவத்துக்கு ஏற்றது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் கொஞ்சவோ வையவோ முடியாது. 'க்ரிப்' என்ற வசவை அமெரிக்க இளைஞர்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்டதுபோல 'நொண்டி'யைத் தமிழில் யாராவது எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. நான் எடுத்துக்கொடுக்க முடியாது.

ஆக, விரும்பப்படுவது ஓர் உரிமையா? அமியா ஸ்ரீநிவாசன் 2018இல் லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸில், உடலுறவுக்கான உரிமை யாருக்காவது உண்டா என்று கேட்டு எழுதினார். அப்படி உரிமை யாருக்கும் இல்லை, ஆனால் யாரை விரும்புகிறோம் என்பதை அரசியலும் சமூகமும் வடிவமைக்கின்றன, அதை விசாரணைக்கு அப்பாற்பட்டதாக விடமுடியாது என்பது அவர் வாதம். ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் கேட்கலாம், சட்டம் கட்டித்தரும். இந்தியச் சட்டம் 2016இல் அரசு வேலை ஒதுக்கீட்டை 3 சதவிகிதத்திலிருந்து 4 ஆக்கியது. ஆசையில் ஒதுக்கீடு இல்லை, இருக்கவும் கூடாது. மறுக்கமுடியாத இடத்தில் சம்மதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் மறுக்கப்படுவதற்கான சந்தர்ப்பமே ஒருவருக்கு வாய்க்காமல் போவது வேறு விஷயம். மாடி ஏறமுடியாதவன் கல்லூரிக் கேன்டீனில் யாராலும் நிராகரிக்கப்படுவதில்லை. அவன் அங்கே இருப்பதே இல்லை. ஆகவே சாய்தளமும் முகாமும் பஸ்ஸும் காதலோடு சம்பந்தமில்லாதவை என்று சொல்லமுடியாது. கூனியும் குறளனும் ஒரே அரண்மனையில் வேலைபார்த்தார்கள், அதனால் அவன் வழிமறிக்க முடிந்தது.

ஓப்ரையனின் கட்டுரை வெற்றியில் முடிவதில்லை. 2012இல் 'தி ஸெஷன்ஸ்' என்று அதைப் படமாக எடுத்த பென் லெவின் தானும் சிறுவயதில் போலியோ கண்டவர். நல்ல படம், ஆனால் படத்துக்கே உரிய வெளிச்சம் கடைசியில் வந்துவிடுகிறது. கட்டுரையில் அந்த வெளிச்சம் இல்லை. ஷெரிலிடம் போய்வந்தபின் தன் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை, யாரும் வரவில்லை, காசை விடுங்கள், எழுப்பப்பட்டு நிறைவேறாமல் போன நம்பிக்கைகளைக் கணக்கிட்டால் போனது சரிதானா என்று அவரே கேட்டுக்கொள்கிறார். சிகிச்சை உடம்பைப் பற்றிய பொய்யை நீக்கியது. எதிரே இன்னொரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்க அதனால் முடியவில்லை.

அந்த ஆள் பின்னால் வந்தார். தொண்ணூறுகளில் அவர் சூஸன் ஃபெர்ன்பாக் என்ற எழுத்தாளரைச் சந்தித்தார். 1999 ஜூலை 4இல் ஓப்ரையன் இறக்கும்வரை அவர்கள் சேர்ந்திருந்தார்கள். இருவரும் ஊனமுற்றவர்களின் கவிதைகளை வெளியிட ஒரு சிறு பதிப்பகம் நடத்தினார்கள். அதற்கு லெமனேட் ஃபாக்டரி, எலுமிச்சைச் சாறு ஆலை, என்று பெயர் வைத்திருந்தார்கள்.